இரண்டாவது பேரேடு

யங்கோன் நகரத்து வங்கிக் கணனிகளும் எமது கோப்புகளும்

2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதி, திங்கட்கிழமை. இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிவிட்டது என்ற செய்தியோடு மியன்மாரின் யங்கோன் நகரம் கண்விழித்தது. பொழுது புலருமுன்னரே தொலைபேசியும் இணையமும் பல இடங்களில் அறுந்துபோயிருந்தன. மக்கள் ஏ.ரி.எம். இயந்திரங்களின் முன்னே வரிசையில் நின்றனர். இணைய இணைப்புச் சீராக இல்லாமையால் வங்கிச் சேவைகள் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன என்று அந்நாட்டு வங்கிகள் சங்கம் அன்றே அறிவித்தது.

அன்று வங்கிகளின் பெட்டகங்களில் பணம் இருந்தது. கணக்குகளும் அழிந்துபோகவில்லை. ஆயினும் வரிசையில் நின்றவருக்குத் தமது பணத்தை எடுக்க வழி இல்லாமற் போயிற்று. இன்றைய உலகில் ஒருவரது சேமிப்பு என்பது எங்கோ ஓரிடத்துக் கணனியில் பதியப்பட்ட ஒரு வரியாகவே இருக்கின்றது. அந்த வரியை வாசிக்க முடியாத நாளில் அவர் வறியவரே.

இந்நிலை எமது வாசகர்களுக்குப் புதியதன்று. பிறப்புச் சான்றிதழ் ஓரிடத்தில், காணி உறுதி வேறோரிடத்தில், பரீட்சைப் பெறுபேறு இருந்த அலுவலகம் இருந்த இடமே தெரியாத நிலையில் என்று, பதிவுகள் சிதறிய வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாம். அகதி விண்ணப்ப விசாரணையில் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கப்படும்போது வாயடைத்து நின்ற அனுபவம் எம்மிற் பலருக்கு உண்டு. ஆகவே, ஒரு பேரேட்டை அழியாமற் காப்பது எப்படி என்ற கேள்வி கணனி வல்லுநர்களுக்கு மட்டும் உரியதன்று.

அத்துடன் எமது பிள்ளைகளுட் பலர் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இந்தத் தொழிலையே செய்கின்றனர். மகன் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், "கொம்பியூட்டர் வேலை" என்று கூறுவதோடு பெற்றோர் நிறுத்திக்கொள்வர். அவ்வேலையின் ஒரு பகுதியையேனும் எளிய தமிழில் விளக்குவதும் எமது நோக்கமாகும்.

மொகல் வீதியின் கணக்குகள்

யங்கோன், அதாவது பழைய ரங்கூன், தமிழருக்கு அந்நிய ஊரன்று. இன்று ஷ்வே பொன் தா வீதி எனப்படும் அன்றைய மொகல் வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகள் நிறைந்திருந்தன. 1929-30 ஆம் ஆண்டுகளில் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவர்கள் ஈடுபடுத்திய பணம் 75 கோடி ரூபா அளவினது என்றும் மதிப்பிட்டது.

முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். மூன்றாண்டுத் தவணைக்கு அமர்த்தப்பட்ட முகவர் ரங்கூனிலோ சிற்றூர்களிலோ கடையை நடத்துவார். அன்றாட வரவு செலவு பேரேட்டில் ஏறும். அதன் சாரம் ஐந்தொகையாகவும் கடிதமாகவும் கப்பலேறி ஊருக்குச் செல்லும். ஊருக்குச் சென்றது முழுப் பிரதியன்று. காலம் பிந்திய சுருக்கமே. எனினும் ஒரே வியாபாரத்தின் கணக்கு வங்காள விரிகுடாவின் இரு கரைகளிலும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1941 டிசெம்பர் 23 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் மாதத்தில் நகரம் வீழ்ந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுட் பெருந்தொகையினர் காட்டு வழியே கால்நடையாகச் சென்றனர். பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். கடையையும் பெட்டகத்தையும் எவரும் தோளிற் சுமந்து செல்ல இயலாது. ஆனால் ஊருக்கு முன்னரே அனுப்பிய கணக்கு ஊரில் இருந்தது. ஓரிடம் அழிந்தாலும் மற்றோரிடத்திலிருந்து கணக்கைத் தொடரலாம் என்ற இந்த ஏற்பாடே இன்றைய பெரும் கணனி அமைப்புகளின் அடிப்படைத் தத்துவமாகும்.

ஒன்றுக்கு இரண்டு

இன்றைய பெரு நிறுவனங்களின் கணக்கு, சம்பளம், கொள்வனவு, பண்டசாலை இருப்பு ஆகிய யாவும் ஒரே மென்பொருளில் இயங்குகின்றன. இத்துறையில் முன்னிற்கும் எஸ்.ஏ.பி. என்ற நிறுவனம், ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு விலகிய ஐவரால் 1972 ஆம் ஆண்டு ஜேர்மனியில் தொடங்கப்பட்டது. இவ்வகை மென்பொருளுக்கு அடியில் தரவுத்தளம் ஒன்று இருக்கும். அதுவே நவீன பேரேடு.

யங்கோனில் இத்தகைய வசதிகள் பிந்தியே வந்தன. 1963 இல் வங்கிகள் அரசுடைமையாக்கப்பட்டன. 1990 களில் தோன்றிய தனியார் வங்கிகள் 2003 ஆம் ஆண்டு நெருக்கடியிற் பெரிதும் அடிபட்டன. 2011 இன் இறுதியில்தான் ஏ.ரி.எம். இயந்திரங்கள் மீண்டும் தலைகாட்டின. வங்கிகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலைக் கணனி வழியாகத் தீர்க்கும் மத்திய வங்கியின் சி.பி.எம்.-நெற் என்னும் அமைப்பு, யப்பானிய உதவியுடன் 2016 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் காசோலைகளையும் பற்றுச்சீட்டுகளையும் கையால் எண்ணிக் கணக்குத் தீர்த்து வந்த நாடு அது.

இத்தகைய அமைப்பு ஒரு நாழிகை நின்றாலும் கடைத்தெரு நின்றுவிடும். ஆண்டில் நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் இயங்கும் என்று உறுதி கூறினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடங்கள் நிற்கலாம் என்பது பொருள். 99.99 என்றால் 52 நிமிடங்கள். 99.999 என்றால் ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேல். ஓர் இயந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதனைச் சாதிக்க முடியாது. ஆகவே இரண்டு சேர்வர்களை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று விழுந்தால் மற்றது எழுந்து வேலையை ஏற்கும்படி அமைக்கின்றனர். இதனைக் கிளஸ்டர் என்பர். நாம் கூட்டணி என்று கூறலாம்.

எமது நண்பர் ஒருவரின் மகன் இத்தொழிலில் பத்தாண்டுகளுக்கு மேல் பழகியவர். அவர் எமக்கு விளக்கிய ஒழுங்கிலேயே இங்கு தருகின்றோம்.

முதலில், தனித்து நிற்பவை எவை என்று தேட வேண்டும். வாடிக்கையாளரின் வேலையைச் செய்யும் சேர்வர்கள் பத்து இருக்கலாம். ஒன்று போனால் ஒன்பது உண்டு. ஆனால் தரவுத்தளம் ஒன்றே. ஒரே கணக்கை இருவர் ஒரே வேளையில் திருத்தாதபடி பூட்டுப் போடும் காவற்பகுதியும் ஒன்றே. எல்லா இயந்திரங்களும் பயன்படுத்தும் பொதுக் கோப்பகமும் ஒன்றே. இம்மூன்றுக்கும் துணை தேவை.

இரண்டாவதாக, பெயர். இதுவே பலர் தவறும் இடம். மென்பொருளை நிறுவும்போது எந்த இயந்திரத்தில் நிறுவுகிறோமோ அதன் சொந்தப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். அந்த இயந்திரம் விழுந்தால், அப்பெயரைத் தேடி வருவோர் எவரையும் காணாமல் திரும்புவர். ஆகவே இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவான புனைபெயர் ஒன்றையும் முகவரி ஒன்றையும் உண்டாக்கி, அப்பெயரிலேயே நிறுவ வேண்டும். வீட்டுக்காரர் மாறினாலும் கடையின் பெயர்ப்பலகை மாறாதது போல், இயந்திரம் மாறும்போது பெயரும் முகவரியும் உடன் நகரும். இரு இயந்திரங்களிலும் பயனாளர்களுக்கு வழங்கப்பட்ட உள் இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் கோப்பு அங்கே இருந்தும் அதனைத் திறக்க உரிமை இராது.

மூன்றாவதாக, பிரதி. முதல் தரவுத்தளத்தின் முழுப் பிரதியை எடுத்து இரண்டாவதில் ஏற்றிய பின், புதிதாகப் பதியப்படும் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் மற்றதற்குச் செல்ல வேண்டும். பூட்டுகளின் பட்டியல் இயந்திரத்தின் நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், அதற்கும் மறுபக்கத்தில் ஒரு நிழற்பிரதி வேண்டும். இது தவறினால், இயந்திரம் மாறும் கணத்தில் பாதி எழுதிய கணக்குகளின் பூட்டுகள் யாவும் மறைந்துவிடும்.

நான்காவதாக, பரீட்சை. மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வலையிணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இவ்விடத்தில் அந்த இளைஞர் சிரித்தார். "மாமா, இரண்டு மெஷின் வாங்கக் காசு குடுப்பினம். ஒண்டை நிப்பாட்டிப் பாப்பம் எண்டு கேட்டால் பயப்பிடுவினம்" என்றார். ஒரு நிறுவனத்தில் மூன்றாண்டுகள் பரீட்சிக்காமல் விட்ட கூட்டணி, முதல் இயந்திரம் பழுதான அன்று எழும்பவே இல்லையாம். இரண்டாவது இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது. புனைபெயருக்குப் பதிலாகப் பழைய பெயரே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தது. எந்த நிறுவனம் என்று அவரும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

இருவரும் தாமே தலைவர் என்றால்

கூட்டணியிலுள்ள இரு இயந்திரங்களும் நாடித்துடிப்புப் போல் ஒன்றுக்கொன்று இடைவிடாது குறிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். துடிப்பு நின்றால் மற்றது இறந்துவிட்டது என்று கொள்ளும். இங்கேதான் பேராபத்து உண்டு. இறந்தது இயந்திரமாக இல்லாமல், இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருந்தால் என்ன நிகழும்? இரு பக்கமும் உயிரோடு இருக்கும். மற்றவர் இறந்தார், இனித் தலைமை எனக்கே என்று இரண்டும் கருதும். இரண்டும் ஒரே பேரேட்டில் தத்தம் விருப்பப்படி எழுதத் தொடங்கும். இயந்திரம் இறந்தால் சில நிமிட நட்டம். இருதலை தோன்றினாலோ எந்தக் கணக்கு மெய், எந்தக் கணக்குப் பொய் என்று பின்னர் எவராலும் கூற இயலாது.

இதற்கு இரு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, தலைமை ஏற்குமுன் மற்ற இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்து அது எழுத முடியாதென்பதை உறுதிசெய்தல். இத்தொழிலில் இதற்கு வழங்கும் குறுஞ்சொல்லின் பொருள் "மற்ற இயந்திரத்தின் தலையிற் சுடு" என்பதாகும். எமக்கு உவப்பில்லாத சொல் எனினும், வழக்கில் உள்ளது அதுவே. மற்றது, இருவருக்கும் பொதுவான மூன்றாம் சாட்சி ஒன்றை வைத்தல். இருவருள் எவர் சாட்சியின் வாக்கைப் பெறுகிறாரோ அவரே தொடரலாம். வாக்குப் பெறாதவர் தாமாகவே ஒதுங்கவேண்டும்.

ரங்கூன் செட்டியார்களும் இதனை அறிந்திருந்தனர். நூற்றுக்கணக்கான கடைகள் தத்தம் மனம்போன போக்கில் வட்டி கூறினால் கணக்கே ஓடாது. ஆகவே தமிழ் மாதந்தோறும் ரங்கூன் கோயிலிற் கூடி, தமக்குள் வழங்கும் நடப்பு வட்டி வீதத்தை ஒருமுகமாக நிர்ணயித்தனர். பல கடைகள், ஒரு தீர்மானம். கூட்டணியின் உயிர் இந்த ஒழுங்கில் உள்ளது; இரும்புப் பெட்டிகளின் எண்ணிக்கையில் இல்லை.

நிலப்பிளவின் மீது நிற்கும் நகரங்கள்

இரு இயந்திரங்களும் ஒரே அறையில் இருந்தால், ஒரே தீயில் எரியும். யங்கோனில் மின்வெட்டு மணிக்கணக்கில் வருவது. பற்றரியும் டீசல் இயந்திரமும் இல்லாத கணனி அறை அங்கே அறையே அன்று. 2008 மே 2, 3 ஆம் திகதிகளில் வீசிய நர்கீஸ் சூறாவளியில் ஏறக்குறைய 1,38,000 பேர் மாண்டோ காணாமலோ போயினர். யங்கோன் நகரமே பல நாட்கள் இருளில் மூழ்கியது. ஆகவே இரண்டாவது பேரேடு வேறு நகரில் இருத்தல் வேண்டும் என்பது தெளிவு.

ஆனால் எவ்வளவு தூரத்தில்? அருகில் இருந்தால், ஒரு வரி இரு இடங்களிலும் பதியப்பட்ட பின்னரே "முடிந்தது" என்று கூறலாம், எதுவும் இழக்கப்படாது. தொலைவில் இருந்தால் அவ்வாறு காத்திருக்க இயலாது. முதலில் இங்கே எழுதி, சற்றுப் பிந்தி அங்கே அனுப்ப வேண்டும். இடையில் இடி விழுந்தால் கடைசிச் சில வரிகள் போய்விடும். கப்பலிற் சென்ற ஐந்தொகைக்கும் இதே குறை இருந்தது. அன்று கிழமைகள் பிந்தியது. இன்று கணங்கள் பிந்துகின்றது.

தூரம் மட்டும் போதாது என்பதை 2025 மார்ச் 28 ஆம் திகதி உணர்த்தியது. அன்று 7.7 அளவிலான நிலநடுக்கம் மண்டலே நகரை நொறுக்கியது. அங்கிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள தலைநகர் நேபிடோவிலும் கட்டடங்கள் சரிந்தன; விமானநிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் வீழ்ந்தது. 3,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காரணம், இரு நகரங்களும் சகாயிங் என்னும் ஒரே நிலப்பிளவின் அருகே இருக்கின்றன. அதே பிளவு தெற்கே பகோ வரையும் அதற்கு அப்பாலும் செல்கின்றது. 1930 மே மாதத்தில் பகோவை அழித்த நிலநடுக்கம் ரங்கூனையும் ஆட்டியது. வரைபடத்தில் இரு புள்ளிகள் தொலைவாகத் தோன்றலாம். அவ்விரண்டையும் ஒரே ஆபத்துத் தொடுமாயின் அவை ஒரே இடமே.

இயந்திரத்துக்கு அப்பால்

இத்தனையும் செய்தால் பேரேடு பிழைக்கும். பேரேடு பிழைத்தால் உரிமை பிழைக்குமா? இக்கேள்விக்கும் ரங்கூனே விடை தருகின்றது.

1930 களின் பொருளாதார மந்தத்தின்போது கடனைத் தீர்க்க இயலாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்களது நிலவுடைமை, 1938 இல் 25 பங்காயிற்று. ஒருவருக்கு உரிமையாகத் தோன்றிய அதே வரி மற்றவருக்குத் தம் பாட்டன் நிலம் பறிபோன சாட்சியாக இருந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948 இல் நிலத் தேசியமயச் சட்டத்தை இயற்றியது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் ஒரே அறிவிப்பிற் செல்லாதவையாயின. அப்பதினாண்டுகளில் மூன்று இலட்சம் அளவிலான இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுட் பலரின் பெட்டிகளிற் பத்திரம் இருந்தது, பற்றுச்சீட்டு இருந்தது. ஏற்றுக்கொள்வார்தாம் இல்லை.

2021 இலும் இதுவே நிகழ்ந்தது. பெப்ரவரி 15 முதல் இரவுதோறும் இணையம் அணைக்கப்பட்டது. மார்ச் நடுப்பகுதியில் கைத்தொலைபேசி இணையமும் நிறுத்தப்பட்டது. வங்கி ஊழியர்கள் பெருந்தொகையாக வேலைக்குச் செல்ல மறுத்தனர். தனிநபர் ஒருவர் வங்கியிலிருந்து கிழமைக்கு 20 இலட்சம் கியாத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று மத்திய வங்கி விதித்தது. கையிற் காசு வேண்டியோர் தரகருக்குக் கழிவு கொடுத்துத் தம் சொந்தப் பணத்தையே வாங்கினர். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவோர் உண்டியலை நாடினர். உண்டியல் என்றால் என்னவென்று எமது வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் மொகல் வீதியில் ஓடிய அதே முறை. கணனி வேண்டாம், இரு பக்கமும் நம்பிக்கையான ஆள் இருந்தாற் போதும்.

கூட்டணி காப்பது இயந்திரத்தின் மரணத்திலிருந்து மட்டுமே. ஆளியை அணைப்பவனிடமிருந்தும், கணக்கை மதியாத சட்டத்திடமிருந்தும் எந்தக் கணனியும் காவாது. இன்னுமொன்று: தவறாக ஒரு வரியை அழித்தால், உண்மையுள்ள இரண்டாவது இயந்திரம் அடுத்த கணமே தன்னிடமுள்ள வரியையும் அழித்துவிடும். ஆகவேதான் கூட்டணி இருப்பினும், நேற்றைய நிலையிற் பேரேட்டைத் தனியே எடுத்துப் பூட்டிவைக்கும் பழைய வழக்கத்தை அறிந்தோர் கைவிடுவதில்லை.

எமது வீட்டுப் பேரேடு

1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களுட் பலவற்றைப் பின்னர் வேறிடங்களிலிருந்து தேடிப் பெற முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகள் போனது போனதுதான். பல்கலைக்கழகத்திற் பாடம் நடத்திய காலத்தில் நாம் அந்த நூலகத்தை நம்பிக் குறிப்பெடுக்காமல் விட்டவை பல. புத்தகம் எங்கே போகப் போகின்றது என்று எண்ணினோம்.

வீடு ஒவ்வொன்றிலும் இன்று ஒரு சிறு பேரேடு உண்டு. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், காணி உறுதி, வதிவிட அனுமதி, விசாரணைப் பதிவின் பிரதி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள் என்பன அதன் ஏடுகள். பெரும்பாலான வீடுகளில் இவை யாவும் ஒரே பையில், ஒரே அலுமாரியில் இருக்கின்றன. அல்லது ஒரே கைத்தொலைபேசியில் படமாக இருக்கின்றன. அதன் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

யங்கோனிலிருந்து நாம் பெறும் பாடம் இவ்வீடுகளுக்கும் பொருந்தும். பிரதி ஒன்றை வேறு வீட்டில், இயலுமாயின் வேறு நாட்டிலுள்ள உறவினரிடத்தில் வையுங்கள். ஒரே கூரையின் கீழ் இரு பிரதிகள் இருப்பது ஒரு பிரதிக்குச் சமம். எது மூலம், எது பிரதி, யார் பொறுப்பு என்பதைக் குடும்பத்தாருக்குத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். விண்ணப்பம் ஒன்றில் ஒரு பிறந்த திகதியும் மற்றொன்றில் வேறொரு திகதியும் இருந்தமையால் எம்மவர் பட்ட பாட்டை நாம் கண்டிருக்கிறோம். இருதலைப் பேரேடு இயந்திரத்துக்கு மட்டும் வரும் நோயன்று.

அந்த இளைஞரிடம் விடைபெறும்போது, இத்தனை ஆண்டுத் தொழிலில் கற்ற ஒன்றைக் கூறும்படி கேட்டோம். அவர் எம்மைத் திருப்பிக் கேட்டார்: "மாமா, உங்கட பேப்பரெல்லாம் சித்தி வீட்டில ஒரு கொப்பி இருக்கெண்டு சொன்னனீங்கள். அதை எப்பவாவது திறந்து பாத்தனீங்களோ?"

நாம் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்று பார்த்தோம். பதினான்கு தாள்கள் இருக்கவேண்டிய உறையில் பதினொன்றே இருந்தன.